ஆல் ஸ்மித்தின் ஆல்பனி வருஷங்கள், 1904–1915: கட்சி கொடுத்ததா, படித்துப் பிடித்ததா?

#1 | பழையகணக்கு

பின்னாளில் நியூயார்க் கவர்னரான ஆல் ஸ்மித் பேச்சை எடுத்தாலே, 1928 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ஹூவரிடம் தேர்வாளர் ஓட்டில் 444க்கு 87 என்று தோற்ற கதைக்கு எல்லாரும் ஓடிவிடுகிறோம். இந்த இழையில் அது வேண்டாம். நான் பேச நினைப்பது அதற்கு முந்தைய பன்னிரண்டு வருஷம். 1904 ஜனவரியிலிருந்து 1915 முடிய, தலைநகர் ஆல்பனியில் கூடும் நியூயார்க் மாநில சட்டப்பேரவையில் அவர் என்னதான் செய்தார்?

புதிதாக வருபவர்களுக்கு அடிப்படை விவரம்: 1873 டிசம்பர் 30ல் மன்ஹாட்டன் கீழ்க்கோடியில் பிறந்தவர். அப்பா 1886ல் இறந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஃபுல்டன் மீன் சந்தையில் வாரம் 12 டாலர் சம்பளம். 1895ல் ஜூரிகளை அழைக்கும் அலுவலகத்தில் ஒரு வேலை, அதுவும் டாமனி ஹால் தயவில் (நகரத்து ஜனநாயகக் கட்சியை ஆட்டிவைத்த அமைப்பு). 1903 நவம்பரில் வட்டாரத் தலைவர் டாம் ஃபோலி கைகாட்ட, இரண்டாவது தொகுதியில் சீட்டு. 1911ல் பேரவையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர், 1913ல் சபாநாயகர்.

இந்த ஏற்றத்தை டாமனியின் கணக்கில் எழுதுவதா, அவருடைய கணக்கிலா? நான் இரண்டாவது தரப்பு; வந்த எல்லா மசோதாவையும் படித்தே மேலே வந்தார் என்கிறேன். மறுப்பவர்கள் வாருங்கள்.

#2 | சட்டமணி

உங்கள் பக்கம்தான் சார். ஆனால் "எல்லா மசோதாவையும் படித்தார்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் அதன் கனம் புரியாது. படிப்பது ஏன் அவ்வளவு அரிதாக இருந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பேரவையில் 150 பேர். பதவிக்காலம் அப்போது ஒரே வருஷம்; ஒவ்வொரு நவம்பரும் தேர்தல். சம்பளம் வருஷத்துக்கு 1,500 டாலர், அரசியல் சாசனத்திலேயே எழுதப்பட்ட தொகை. அதோடு பத்து மைலுக்கு ஒரு டாலர் பயணப்படி, அதுவும் கூட்டத்தொடருக்கு ஒரு தடவைதான். நியூயார்க் நகரத்திலிருந்து ஆல்பனி போய்வர ஏறக்குறைய 290 மைல்; கணக்குப் போட்டால் 29 டாலர். ஆல்பனியில் அறை வாடகை, ஊரில் குடும்பச் செலவு இரண்டையும் இதற்குள் சமாளிக்க வேண்டும். அதனால் பெரும்பாலானவர் வாரக்கடைசியில் ஊருக்கு ஓடுவார்கள், ஒன்றிரண்டு வருஷம் இருந்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். சபை நடைமுறை தெரிந்தவர் விரல்விட்டு எண்ணும்படிதான் இருப்பார்கள்.

அடுத்தது மசோதாத் தாள். "தொழிலாளர் சட்டம் 80ஆம் பிரிவு பின்வருமாறு திருத்தப்படுகிறது" என்று தொடங்கும். சாய்வெழுத்தில் இருப்பது புதிது. சதுர அடைப்புக்குள் இருப்பது அடித்துவிடப்போகும் பழையது. பழைய சட்டம் பக்கத்தில் திறந்திருந்தால் ஒழிய, அந்தத் தாளிலிருந்து பாதிதான் விளங்கும். ஒரு "வேண்டும்" என்பதை "லாம்" ஆக்கிவிட்டுப் போயிருப்பார்கள். ஓட்டெடுப்புக்கு முந்தைய கடைசி வாசிப்பான மூன்றாம் வாசிப்பில் தலைப்பு மட்டும் வாசிக்கப்படும்போது அது யார் கண்ணிலும் படாது. திருத்தம் ஏற ஏற அதே மசோதாவுக்குப் புதுப் புது அச்சு எண் வரும். போன வாரம் படித்த தாள் இந்த வாரம் செல்லாது.

ஸ்மித் அறையில் உட்கார்ந்து இரவில் செய்த வேலை இதுதான். மசோதாவையும் மூலச் சட்டத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். நூற்றுக்கணக்கான பக்கம் ஓடும் நிதி ஒதுக்கீட்டு மசோதாவை வரி வரியாகப் படித்தார். எந்தத் துறைக்கு எத்தனை குமாஸ்தா, யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். மாநில அரசு எப்படி ஓடுகிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடநூல் கிடையாது.

#3 | நெய்தல்

படிப்பாளி பிம்பம் அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு வருஷப் பதவி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், மணி சார். அதன் பொருள், பன்னிரண்டு தடவை சீட்டு வாங்க வேண்டும். பன்னிரண்டு தடவையும் கொடுத்தது யார்? ஃபோலியும், அவருக்கு மேலே டாமனித் தலைவர் சார்லஸ் மர்ஃபியும். அந்தத் தொகுதியில் டாமனி வேட்பாளர் ஜெயிப்பது எழுதிவைத்த மாதிரி. 1,500 டாலரில் ஒருவர் பன்னிரண்டு வருஷம் ஆல்பனியில் குப்பைகொட்ட முடிந்தது என்றால் கட்சி அவரை அங்கே வைத்திருக்க விரும்பியது என்றுதான் அர்த்தம். பக்கத்துத் தொகுதியில் அவரைப்போலவே படிக்கத் தயாராக இருந்த யாரோ இரண்டாம் வருஷமே சீட்டு இல்லாமல் வீட்டுக்குப் போயிருப்பார்.

தொடக்கத்தில் கிடைத்த குழுக்களையும் பாருங்கள். வங்கிக் குழு, அரசு நிலம் மற்றும் வனக் குழு. ஜூரி அழைப்பாணை கொடுக்கப் போனதைத் தவிர வங்கிக்குள் கால்வைத்ததில்லை, காட்டைப் பார்த்ததே இல்லை என்று அவரே பின்னால் கேலியாகச் சொல்லியிருக்கிறார். சபாநாயகர் குடியரசுக் கட்சிக்காரர். எதிர்க்கட்சிப் புதுமுகத்துக்கு உதவாத நாற்காலியாகப் பார்த்துக் கொடுப்பது வழக்கம்தான். அதிலிருந்து அவரைத் தூக்கிவிட்டது படிப்பு இல்லை, 1910 தேர்தலில் ஜனநாயகக் கட்சி ஜெயித்தது.

#4 | தேன்மொழி

குறுக்கே ஒரு சந்தேகம். 1910ல் கட்சி ஜெயித்ததும் 1911ல் நேராகச் சபாநாயகர் ஆகாமல் ஏன் பெரும்பான்மைத் தலைவர்? எது பெரியது?

#5 | பழையகணக்கு

தேன்மொழி, அந்தஸ்தில் சபாநாயகர் பெரியவர். குழுக்களை நியமிப்பதும், கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் எந்த மசோதா மேலே வரும் என்று தீர்மானிக்கும் விதிகள் குழுவுக்குத் தலைமை வகிப்பதும் அவர்தான். ஆனால் 1911ல் மர்ஃபி ஒரு கணக்குப் போட்டார். நகரத்து டாமனிக்காரரை உச்சியில் உட்காரவைத்தால் வடபகுதி ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்கு முகம் சுளிக்கும். அதனால் ஸ்கோஹரி மாவட்டத்து டேனியல் ஃபிரிஸ்பி சபாநாயகர். 37 வயது ஸ்மித்துக்குப் பெரும்பான்மைத் தலைமையும் வரவுசெலவுக் குழுத் தலைமையும். மாநிலத்தின் மேலவையான செனட்டில் அதே வேலைக்கு 33 வயது ராபர்ட் வாக்னர். இரண்டு பேரும் முன்பு ஆல்பனியில் ஒரே அறையில் தங்கியவர்கள்.

நிதி மசோதாவை வருஷக்கணக்காகப் படித்தவர் கையில் வரவுசெலவுக் குழு போனது தற்செயல் என்று நெய்தல் சொல்வாரா?

அந்த வருஷத் தொடக்கமே கந்தரகோலம். அப்போது அமெரிக்க செனட்டரை மக்கள் அல்ல, மாநில சட்டமன்றம் தேர்ந்தெடுக்கும். இரு அவையும் சேர்ந்து 201 பேர், 101 வேண்டும். மர்ஃபியின் ஆள் வில்லியம் ஷீஹன். கட்சிக் கூட்டத்துக்குள் போய்விட்டால் அங்கே எடுத்த முடிவுக்குக் கட்டுப்பட வேண்டும். ஆகவே இருபது பேருக்குக் கொஞ்சம் மேற்பட்ட கலகக்காரர்கள் கூட்டத்துக்கே போகவில்லை. தலைமை தாங்கியவர் புது மாநில செனட்டர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். ஜனவரியில் தொடங்கிய இழுபறி மார்ச் 31ல் ஷீஹனுக்குப் பதில் ஜேம்ஸ் ஓ'கார்மனைத் தேர்ந்தெடுத்துதான் தீர்ந்தது. இரண்டு நாள் முன்பு, மார்ச் 29 அதிகாலை, சட்டமன்றக் கட்டடமே பற்றி எரிந்து மாநில நூலகம் சாம்பலாகியிருந்தது. அவை ஊரின் நகரமன்றக் கட்டடத்துக்குக் குடிபோனது.

அதற்கும் நாலு நாள் முன்புதான் மார்ச் 25.

#6 | ஆலைவிளக்கு

டிரையாங்கிள் தீ. இந்த இழை அங்கேதான் வரும் என்று காத்திருந்தேன்.

நியூயார்க்கில் ஆஷ் கட்டடம், பத்து மாடி. எட்டு, ஒன்பது, பத்தாம் மாடிகளில் சட்டைத் தொழிற்சாலை. சனிக்கிழமை மாலை, வேலை முடியும் நேரம். 146 பேர் இறந்தார்கள். தீயணைப்பு ஏணி ஆறாவது மாடிவரைதான் எட்டியது. வெளிப்புற இரும்புப் படி பாரம் தாங்காமல் பிய்ந்து விழுந்தது. ஒன்பதாம் மாடியில் வாஷிங்டன் பிளேஸ் பக்கக் கதவு பூட்டியிருந்தது.

இங்கே மணி சார் உதாரணமாகச் சொன்ன அதே 80ஆம் பிரிவைப் பாருங்கள். தற்செயலாகச் சொன்னாரா தெரியவில்லை. கதவுகள் "நடைமுறையில் முடிந்த இடங்களில்" வெளிப்பக்கம் திறக்கும்படி இருக்க வேண்டும், வேலை நேரத்தில் பூட்டக்கூடாது என்று சட்டம் ஏற்கெனவே இருந்தது. அந்தக் கட்டடத்தில் படிக்கட்டு முகப்பு மிகக் குறுகல்; கதவை வெளியே திறந்தால் படியை மறிக்கும். ஆகவே "நடைமுறையில் முடியாது", கதவு உள்ளே திறக்கும். உள்ளே திறக்கும் கதவின்மேல் நூறு பேர் முண்டியடித்தால் பூட்டு இல்லாவிட்டாலும் திறக்காது. ஒரு சொற்றொடர் விட்ட ஓட்டை அது. பூட்டிய கதவு வழக்கிலோ, அந்த நேரத்தில் பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரியும் என்று மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 1911 டிசம்பரில் முதலாளிகள் இருவரும் விடுதலை.

1911 ஜூன் 30ல் தொழிற்சாலை விசாரணைக் குழு அமைந்தது. வாக்னர் தலைவர், ஸ்மித் துணைத் தலைவர். ஒன்பது பேர், தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் கோம்பர்ஸ், பெண் தொழிலாளர் சங்கத்தின் மேரி டிரையர், குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் எல்லாரும் அதில். முதல் வருஷமே 1,836 தொழிற்கூடங்களைப் பார்த்து 222 பேரிடம் சாட்சியம் எடுத்தார்கள். குழுவின் பலம் அறிக்கையில் இல்லை, இடத்துக்கே கூட்டிப்போய்க் காட்டியதில். தொழிலாளர் நலனுக்காகப் போராடிய ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற பெண்மணி ஸ்மித்தை ஆபர்ன் கயிற்று ஆலைக்குக் கூட்டிப்போய், பத்து மணி நேர இரவு வேலை முடித்துப் பெண்கள் வெளியே வருவதைப் பார்க்கவைத்தார். வாக்னரை ஒரு சுவர் ஓட்டை வழியே ஊர்ந்து போகவைத்தார்; அந்தப் பக்கம் பனி மூடிய இரும்பு ஏணி, அது தரைக்குப் பன்னிரண்டு அடி மேலேயே முடிந்துவிடும். ஆவணத்தில் அதற்குப் பெயர் தீத்தப்பும் வழி.

1912ல் 15 மசோதா கொண்டுவந்து 8 நிறைவேறின. அதில் ஒன்று: ஏழு மாடிக்கு மேற்பட்ட, மரத்தளம் போட்ட தொழிற்சாலைக் கட்டடத்தில் ஏழாம் மாடிக்கு மேல் 200 பேருக்கு மேல் வேலைபார்த்தால் தானியங்கி நீர்த்தெளிப்பான் கட்டாயம். எண்ணைக் கவனியுங்கள். ஏழு என்பது ஏணி எட்டாத உயரம்.

#7 | நெய்தல்

ஆலைவிளக்கு எழுதியதிலேயே என் வாதம் இருக்கிறது. கூட்டிப்போனது பெர்கின்ஸ். சுகாதார ஆய்வை நடத்தியது டாக்டர் ஜார்ஜ் பிரைஸ். சாட்சிகளைக் கேள்வி கேட்டது வழக்கறிஞர் ஆப்ரம் எல்கஸ். ஸ்மித் கண்ணைத் திறந்து பார்த்தார், நல்ல விஷயம்தான். சட்டம் எழுதிய மூளை அவருடையது இல்லை.

1912ல் பெண்களுக்கு வாரம் 54 மணி நேர மசோதா வந்த கதையும் இருக்கிறது. அதற்கு முன் 60. ஒவ்வொரு அவையும் வேறு வேறு வடிவத்தை நிறைவேற்றிவிட்டுக் கூட்டத்தொடரை முடித்தால் இரண்டும் செத்துவிடும்; எல்லாரும் "நான் ஆதரித்தேன்" என்று ஊருக்குப் போகலாம். ஆல்பனியில் நெடுநாள் பழகிய வித்தை அது. பழம், காய்கறி டப்பா ஆலைகளுக்கு விலக்கு கொடுத்த வடிவத்தைப் பெர்கின்ஸ் ஏற்கமாட்டார், அதோடு மசோதா போய்விடும் என்று நினைத்தார்கள். அவர் ஏற்றுக்கொண்டார். நியூயார்க் படகேறப் போயிருந்த டாமனி செனட்டர் பிக் டிம் சல்லிவனைத் திரும்ப வரவழைத்து ஓட்டுப் போடவைத்து நிறைவேற்றினார்கள். மர்ஃபி அப்போது அந்த மசோதாவுக்கு எதிர்ப்பக்கம். பிறகு பெண்கள், தொழிலாளர் ஓட்டு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்ததும் மனம் மாறினார். 1913ல் இருபதுக்கும் மேற்பட்ட தொழிற்சாலைச் சட்டங்கள் சரசரவென்று போனது அதனால்தான். பச்சைக்கொடி காட்டியவர் மர்ஃபி.

#8 | சட்டமணி

80ஆம் பிரிவைத் தெரிந்துதான் எழுதினேன், ஆலைவிளக்கு.

நெய்தல், பச்சைக்கொடி இருந்தால் ரயில் தானாக ஓடாது. 1912ல் பேரவை குடியரசுக் கட்சி கையில். ஸ்மித் சிறுபான்மைத் தலைவர். அப்போது போன எட்டும் எதிர்க்கட்சி ஓட்டு இல்லாமல் போயிருக்காது. அங்கே மர்ஃபியின் கொடிக்கு மதிப்பில்லை. பிரிவு வாரியாக விளக்கி, எதிர்வரிசையிலிருந்து ஆள் பிடிக்க வேண்டும். குழுவில் குடியரசுக் கட்சியினரைச் சேர்த்திருந்ததன் பயன் அங்கே.

நடைமுறை தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வித்தியாசத்தைத் தொழிலாளர் இழப்பீட்டில் பார்க்கலாம். டிரையாங்கிள் தீக்கு முதல் நாள், 1911 மார்ச் 24ல், ஐவ்ஸ் வழக்கில் மாநில உச்சநிலை மேல்முறையீட்டு நீதிமன்றம் 1910ஆம் வருஷ இழப்பீட்டுச் சட்டத்தை அடித்துவிட்டது. தவறே செய்யாத முதலாளியைப் பணம் கட்டச் சொல்வது உரிய சட்டமுறை இல்லாமல் சொத்தைப் பறிப்பது என்பது தீர்ப்பு. இனி இன்னொரு சட்டம் போட்டுப் பயனில்லை, சாசனத்தையே திருத்த வேண்டும்.

திருத்தத்துக்கு அப்போதைய வழி: இரு அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை, அதாவது பேரவையில் 76, செனட்டில் 26. பிறகு செனட் தேர்தல் ஒன்று நடந்து வரும் அடுத்த சட்டமன்றம் அதே வாசகத்தை, ஒரு காற்புள்ளி மாறாமல், மறுபடி நிறைவேற்ற வேண்டும். அதன்பின் மக்கள் வாக்கு. செனட்டுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் தேர்தல். 1912 முடிவதற்குள் முதல் சுற்றை முடிக்காவிட்டால் இரண்டு வருஷம் வீண். 1913ல் இரண்டாம் சுற்று, அந்த நவம்பரில் மக்கள் ஒப்புதல், டிசம்பர் சிறப்புக் கூட்டத்தில் புதுச் சட்டம், 1914 ஜூலையில் அமல். வேடிக்கை என்னவென்றால் அந்த டிசம்பரில் கூடியது தோற்றுப்போன சபை. நவம்பர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி பேரவையை இழந்துவிட்டது; ஆனால் ஜனவரி பிறக்கும்வரை நாற்காலி ஸ்மித்திடம்தான். கிடைத்த நாலு வாரத்தை வீணாக்கவில்லை.

#9 | நெய்தல்

நவம்பரில் ஏன் தோற்றார்கள் என்று சொல்லாமல் தாண்டிவிட்டீர்களே. சல்ஸர்.

வில்லியம் சல்ஸர் 1912ல் டாமனி ஆதரவோடு ஜெயித்த கவர்னர். (அங்கே கவர்னர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகத் தலைவர், நியமனப் பதவி இல்லை.) வந்ததும் மர்ஃபி சொன்னவர்களுக்கு வேலை தர மறுத்தார். வேட்பாளரைக் கட்சித் தலைவர்களுக்குப் பதில் மக்களே தேர்ந்தெடுக்கும் சட்டம் கேட்டு சிறப்புக் கூட்டம் கூட்டினார். அவர் கூட்டிய அதே கூட்டத்தில், இரவெல்லாம் உட்கார்ந்து, 1913 ஆகஸ்ட் 13 விடியும் நேரத்தில் அவர்மேல் குற்றச்சாட்டுத் தீர்மானம் போட்டார்கள். 79க்கு 45. சபாநாயகர் நாற்காலியில் ஸ்மித். மூன்றில் இரண்டு பங்குகூட வரவில்லை, இருந்தும் செல்லும் என்று அறிவித்தார். படிப்பாளி அன்றைக்கு என்ன படித்தார்?

#10 | சட்டமணி

ஒரு திருத்தம் மட்டும். பேரவையில் மூன்றில் இரண்டு பங்கு தேவையில்லை. மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை போதும், 76. மூன்று ஓட்டு கூடுதலாக இருந்தது. மூன்றில் இரண்டு தேவைப்படுவது விசாரிக்கும் மன்றத்தில், அதாவது செனட்டும் மேல்முறையீட்டு நீதிபதிகளும் சேர்ந்த மன்றத்தில். அங்கே அக்டோபர் 17ல் 43க்கு 12 என்று நீக்கினார்கள்.

சல்ஸர் தரப்பின் வலுவான வாதம் வேறு. சிறப்புக் கூட்டத்தில் கவர்னர் குறிப்பிட்ட பொருளைத் தவிர வேறெதையும் எடுக்கக்கூடாது என்று சாசனம் சொல்கிறது. தன்னையே நீக்கச் சொல்லி எந்தக் கவர்னர் குறிப்பு அனுப்புவார்? அந்தத் தடை சட்டம் இயற்றும் வேலைக்குத்தான், குற்றம்சாட்டுவது நீதி சார்ந்த அதிகாரம் என்று சொல்லி மன்றம் வாதத்தைத் தள்ளியது. சட்டப்படி அது நிற்கும். தேர்தல் நன்கொடைகளைச் சல்ஸர் முழுதாகக் கணக்குக் காட்டவில்லை, சத்தியப் பிரமாணத்தோடு பொய்க்கணக்குக் கொடுத்தார் என்பதும் உண்மை.

சட்டப்படி சரி என்பதற்காக மனசாட்சிப்படி சரி என்று சொல்ல வரவில்லை. அன்றிரவு மர்ஃபியின் வேலையைத்தான் ஸ்மித் செய்தார். அதில் உங்களோடு சண்டையில்லை.

#11 | தேன்மொழி

நீக்கப்பட்டவர் மறுபடி பதவிக்கு வர முடியாது என்று இல்லையா?

#12 | ஆலைவிளக்கு

அது தனி ஓட்டு. நீக்கியவர்கள் தகுதியிழப்பு போடவில்லை. மூன்றே வாரத்தில், அதே நவம்பர் தேர்தலில், சல்ஸர் முற்போக்குக் கட்சிச் சீட்டில் நின்று மன்ஹாட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதியிலிருந்து பேரவைக்கு ஜெயித்தார். 1914 ஜனவரியில் தன்மேல் தீர்மானம் போட்ட அதே மண்டபத்தில் வந்து உட்கார்ந்தார். ஸ்மித் இப்போது சிறுபான்மைத் தலைவர். நாற்காலியில் குடியரசுக் கட்சியின் தாடியஸ் ஸ்வீட்.

1915ல் அந்தப் பெரும்பான்மை இழப்பீட்டுச் சட்டத்தில் கைவைத்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காயம்பட்டவரும் முதலாளியும், அல்லது காப்பீட்டுக் கம்பெனியும், தங்களுக்குள் நேராகப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று திருத்தினார்கள். பார்க்க வசதியாகத் தெரியும். கை போனவர், வாடகை கட்ட வேண்டியவர், கம்பெனி ஆள் நீட்டும் தாளில் என்ன தொகை இருந்தாலும் கையெழுத்துப் போடுவார். அட்டவணைப்படி எவ்வளவு சேரவேண்டும் என்று அவருக்குத் தெரியாது. ஸ்மித் அன்றைக்கே எதிர்த்தார். 1919ல் கவர்னரானதும் அந்த வழக்கத்தை ஒழித்தார்.

#13 | பழையகணக்கு

1915ல்தான் என் தரப்புக்கு நல்ல சாட்சி இருக்கிறது. சாசனத்தைத் திருத்தி எழுத மாநாடு, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. தலைவர் எலிஹு ரூட்; முன்னாள் வெளியுறவு அமைச்சர், குடியரசுக் கட்சிக்காரர், டாமனியைக் கண்டாலே ஆகாதவர். மாநிலத்தின் காரியங்களை நன்றாகத் தெரிந்தவர் அங்கே யார் என்றால் ஸ்மித்தான் என்று அவரே சொன்னதாகச் சொல்வார்கள். சட்டக் கல்லூரி முடித்தவர்கள் நிறைந்த இடத்தில் எட்டாம் வகுப்புக்காரருக்குக் கிடைத்த பெயர். மர்ஃபி சொல்லி வாங்கிக்கொடுக்க முடிந்த பெயர் அல்ல.

அந்த வரைவை நவம்பரில் மக்கள் இரண்டுக்கு ஒன்றுக்கும் மேல் என்ற கணக்கில் நிராகரித்தார்கள். பெரும்பாலான திருத்தங்களை ஒரே மூட்டையாகக் கட்டியதால் ஒன்று பிடிக்காதவரும் மொத்தத்துக்கும் "வேண்டாம்" போட்டார். அதே நவம்பரில் ஸ்மித் நியூயார்க் மாவட்ட ஷெரிஃப் ஆனார். கட்டணத்தில் பங்கு வரும் பதவி. பன்னிரண்டு வருஷக் கடனை அடைக்கக் கட்சி கொடுத்த பரிசு. இதை நெய்தல் சொல்வதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

#14 | நெய்தல்

சொன்னதற்கு நன்றி. மாநாட்டு விஷயத்தில் இறங்கிவருகிறேன். படிப்பு இல்லாமல் அந்தப் பெயர் வராது. ஆனால் அவர் எங்கே உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது மர்ஃபி, அதில் மாற்றமில்லை. தோற்ற வரைவில் இருந்த நிர்வாகத் துறைச் சீரமைப்பு என்ன ஆனது?

#15 | சட்டமணி

மூட்டையைப் பிரித்து ஒன்றொன்றாகக் கொண்டுபோனார். கவர்னராக இருந்தபோது 1919ல் மறுசீரமைப்புக் குழு போட்டார், எல்கஸ் தலைவர். 187 அமைப்புகள் தனித்தனியாக ஓடுவதை அது பட்டியல் போட்டது. சிவில் துறைகள் இருபதுக்கு மேல் கூடாது என்ற திருத்தம் இரண்டு சட்டமன்றம் தாண்டி 1925 நவம்பரில் மக்களிடம் தேறியது. கவர்னரே வரவுசெலவுத் திட்டம் தயாரித்து அனுப்பும் திருத்தம் 1927ல். அத்தனையும் எதிர்க்கட்சி ஆண்ட பேரவை வழியாக. 1913க்குப் பிறகு ஜனநாயகக் கட்சி பேரவையைப் பிடித்தது 1935ல்தான். ஒரு மாவட்டத்தைத் தவிர ஒவ்வொன்றுக்கும் ஆளில்லாவிட்டாலும் ஓர் உறுப்பினர் என்ற 1894 சாசன விதி குடியரசுக் கட்சிக்கு அப்படிச் சாதகம்.

அந்த வரவுசெலவு முறை 1929ல் அமலுக்கு வந்தபோது ஸ்மித் வெளியே போயிருந்தார். முதல் திட்டம் அனுப்பிய கவர்னர், 1911ல் கட்சிக் கூட்டத்துக்கு வராமல் ஸ்மித்துக்குத் தலைவலி கொடுத்த அதே ரூஸ்வெல்ட். மொத்தத் தொகைகளை எப்படிப் பிரித்துச் செலவழிப்பது என்பதில் அவையின் நிதிக் குழுத் தலைவர்களும் கையெழுத்திட வேண்டும் என்று சட்டமன்றம் அடம்பிடித்தது. விவகாரம் மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போய், 1929 நவம்பரில் கவர்னர் பக்கம் தீர்ப்பானது.